அரங்க ஆய்வுக்கான மாணவர் விருதுகள்: ஏட்டுக்கு அப்பால்

நாடகத்திலும் பிற நிகழ்த்துகலைகளிலும் மாணவர் செய்யும் ஆய்வுக்குப் பல்கலைக்கழகங்கள் வழங்கும் விருதுகள், பெரும்பாலும் பிற துறைகளுக்கென வகுத்த முறையையே பின்பற்றுகின்றன. நடுவர்கள் ஆய்வேட்டைப் படிக்கிறார்கள். சிறந்ததற்குப் பதக்கமோ பணமுடிப்போ கிடைக்கிறது. அரங்க வரலாற்றுக்கு இம்முறை பொருந்தும். பழந்தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றிக் கார்த்திகேசு சிவத்தம்பி பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் தாம்சனின் வழிகாட்டலில் செய்த முனைவர் பட்ட ஆய்வின் சான்றும் வாதமும் முழுக்க ஏட்டிலேயே உள்ளன. ஆடியும் நெறியாண்டும் கண்டறியும் ஆய்வு அப்படி ஏட்டுக்குள் அடங்குவதில்லை.

இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 1960களில் நடந்தது இதற்குத் தக்க சான்று. பேராசிரியர் சு. வித்தியானந்தன் மாணவர்களைக் கொண்டு ‘கர்ணன் போர்’ (1962), ‘நொண்டி நாடகம்’ (1963), ‘இராவணேசன்’, ‘வாலி வதை’ (1968) ஆகியவற்றை மேடையேற்றினார். சுற்றிலும் மக்கள் அமர்ந்து பார்க்கும் வட்டக்களரியில் விடியவிடிய ஆடப்பட்ட மட்டக்களப்புக் கூத்து, ஒரு புறமிருந்து மட்டுமே பார்க்கப்படும் மேடைக்கு வந்தால் ஆட்டக்கோலங்கள் என்னவாகும்? சில மணி நேரத்துக்குள் சுருக்கினால் பாத்திரத்தின் உணர்ச்சி வளர இடமிருக்குமா? இவை மெய்யான ஆய்வு வினாக்கள். விடை ஒத்திகையில்தான் கிடைத்தது. இராவணனாக ஆடிய சி. மௌனகுரு பின்னர் மட்டக்களப்பின் மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். ஏடு எழுதப்படுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஆய்வு தொடங்கிவிட்டது. ஏட்டை மட்டும் எடைபோடும் விருதுக்கு அந்த முதற்பகுதி கண்ணில் படாது.

இந்தக் குறையைப் பிரிட்டன் ஓரளவு நேர்செய்தது. பல்கலைக்கழகங்களின் ஆய்வுத் தரத்தை அளந்த 1992 மதிப்பீட்டுக்குப் பின் அரங்கப் படைப்பும் ஆய்வாகக் கொள்ளப்பட்டது. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் பாஸ் கெர்ஷா தலைமையில் 2001 முதல் சில ஆண்டுகள் நடந்த திட்டம், நிகழ்த்துதலே ஆய்வாகும் முறைகளை விரிவாக விவாதித்தது. இன்று பிரிட்டனில் பல துறைகளில் நிகழ்வும் அதை விளக்கும் குறுகிய ஏடும் சேர்ந்தே முனைவர் பட்டத்துக்கு உரியவையாகின்றன.

விருதுக்குழுவுக்கு எஞ்சும் கடினமான சிக்கல் காலம். புறத்தேர்வாளர் நிகழ்வை நேரில் பார்க்க முடியும். பட்டம் பெற்ற பிறகு கூடும் விருதுக்குழுவுக்குக் காணொளிதான் கிடைக்கும். நிகழ்வின் உயிர் நிகழ்காலத்தில் மட்டுமே உண்டு என்று நிகழ்த்துகலை ஆய்வாளர் பெக்கி ஃபெலன் 1993இல் வாதிட்டார். அதை அப்படியே ஏற்றால் எந்தக் குழுவும் தீர்ப்புச் சொல்ல இயலாது. ஆயினும் காணொளியை நிகழ்வாகக் கொள்ளாமல் சான்றுகளில் ஒன்றாகக் கொண்டால் வழி பிறக்கிறது. ஒத்திகைக் குறிப்பேடு, கைவிடப்பட்ட காட்சிகள், பிரதியின் மாறிவந்த வடிவங்கள், பார்வையாளர் எதிர்வினை ஆகியவை காணொளியோடு சேரும்போது, மாணவர் எந்த வினாவோடு தொடங்கினார், எந்த இடத்தில் எண்ணத்தை மாற்றிக்கொண்டார் என்பதைக் குழு பின்தொடரலாம். மேடையில் அழகாக அமைந்த படைப்புக்கும் புதிதாக ஒன்றைக் கண்டறிந்த ஆய்வுக்கும் உள்ள வேறுபாடு இந்த ஆவணங்களில்தான் தெரியும். தோற்றுப்போன ஒரு மேடையேற்றம்கூட நல்ல ஆய்வாக இருக்கக்கூடும். அதற்கு இடமளிக்காத விருது நாடக விழாப் பரிசாகிவிடும்.

அடுத்தது உரிமை. அரங்கம் கூட்டு உழைப்பு. விருதோ ஒருவர் பெயரில் வருகிறது. மாணவர் தம் பங்கை வரையறுத்து எழுத வேண்டுமெனக் கேட்பது எளிது. கூத்தை ஆராயும்போது அது போதாது. மத்தளத் தாளக்கட்டுகளையும் பாத்திரங்கள் களரிக்குள் வரும்போது ஆடும் வரவாட்டத்தையும் கற்றுத்தரும் அண்ணாவியாரைப் பல ஏடுகள் தகவலாளி என்று நன்றியுரையில் குறிப்பிட்டு நிறுத்திவிடுகின்றன. அவர் தருவது தகவல் அன்று. பயிற்சியால் தேறிய, விமரிசிக்கவும் திருத்தவும் வல்ல அறிவு. எனவே விருது அறிவிப்பில் அவர் பெயரும் இடம்பெற வேண்டும். பணமுடிப்பில் ஒரு பங்கு அவருக்குச் சேர வேண்டும். பதிவுகளின் ஒரு படி கூத்தாடிய ஊரிலேயே இருக்க வேண்டும். இவற்றை விண்ணப்ப விதிகளிலேயே எழுதிவைக்கலாம். தனி நிதி பெரிதாகத் தேவைப்படாது.