கிரில்லோபிளாட்டா

வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலுள்ள உயர்ந்த மலைத்தொடர்களில், பனியாறுகளின் ஓரத்திலும், கோடையிலும் முற்றிலும் கரையாத பனித்திட்டுகளின் மீதும், அவற்றை அடுத்த கற்குவியல்களின் இடுக்குகளிலும் வசித்து, இரவு வேளைகளில் வெளிவந்து இரை தேடும் இறகில்லாத பூச்சிச் சாதி. சமசீதோஷ்ண மண்டலத்தைச் சேர்ந்த பூச்சிகளுள் இத்துணை விசித்திரமான வாழ்க்கை உடையவை மிகச் சிலவே; எனினும் பூச்சியியல் வல்லுநர்களுக்கு வெளியே இதன் பெயரைக் கேள்வியுற்றவர்களும் சிலரே.

இதை உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் டொரொன்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்மண்ட் மர்ட்டன் வாக்கர் என்பவர். வைத்தியக் கல்வி பயின்றும் அத்தொழிலில் நிலைக்காமல், தும்பிகளின் ஆராய்ச்சியிலேயே ஆயுளின் பெரும்பகுதியைச் செலவிட்ட அவர், 1913ஆம் ஆண்டு கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் பான்ஃப் நகரை அடுத்த கந்தகமலையில், கற்களைப் புரட்டிப் பூச்சிகளைத் தேடிக்கொண்டிருந்தபோது, எந்தக் குடும்பத்திலும் அடங்காத இந்த ஜந்துவைக் கண்டெடுத்தார். மறு ஆண்டு அதற்குக் கிரில்லோபிளாட்டா காம்போடெயிஃபார்மிஸ் என்று பெயரிட்டு, புதிய சாதியாகவும் புதிய குடும்பமாகவும் வர்ணித்தார். அடிவாரத்தில் கந்தக வெந்நீரூற்றுகள் பொங்கும் காரணத்தால் பெயர் பெற்ற ஒரு மலையில், உஷ்ணத்தைச் சிறிதும் பொறுக்காத பிராணி முதன்முதலில் அகப்பட்டது ஒரு வேடிக்கையே.

முழு வளர்ச்சி பெற்ற பூச்சி ஓர் அங்குலத்துக்குச் சற்றேறக்குறைய நீளமுடையது. நிறம் வெளிறிய மஞ்சள் கலந்த பழுப்பு. உணர்கொம்புகள் நூல் போல் நீண்டவை. வயிற்றின் நுனியில் கணுக்கணுவான இரண்டு வால் உறுப்புகள் உண்டு. தனிக்கண்கள் இல்லை, கூட்டுக்கண்களும் மிகச் சிறியவை. பெண் பூச்சிக்குச் சுவர்க்கோழிக்கு இருப்பது போன்ற வாள் வடிவமான முட்டையிடும் உறுப்பு உண்டு. தலையின் அமைப்போ கரப்பான் பூச்சியை ஞாபகமூட்டுவது. இவ்வாறு பல வம்சங்களின் லட்சணங்கள் ஓருடலில் கலந்து கிடப்பதால், இதை எந்த வரிசையில் வைப்பது என்பது நெடுங்காலம் விவாதத்துக்குரிய விஷயமாகவே இருந்து, இறுதியில் இதற்கென்றே தனி வரிசை வகுக்க நேர்ந்தது. 2002ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவிலிருந்து மற்றொரு புதிய பூச்சி வரிசை வர்ணிக்கப்பட்டது. அதுவே இதற்கு நெருங்கிய உறவு என்று மரபணு ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. பெர்மியன் யுகத்துப் பாறைகளில் கிடைக்கும் இறகுள்ள பல புதைபடிவங்களை இதன் மூதாதையர் வரிசையில் சேர்ப்போர் உண்டாயினும், அந்த உறவு ஐயத்துக்கு அப்பாற்பட்டதன்று.

பனிமேல் வாழ்வது என்று கேட்டவுடன் கடுங்குளிரை வென்ற வீரன் என்று இதை எண்ணிவிடுவது இயல்பு; உண்மை அதற்கு ஏறக்குறைய நேர்மாறானது. உறைநிலையை ஒட்டி, அதற்குச் சில டிகிரி மேலேயுள்ள மிகக் குறுகிய வெப்ப எல்லைக்குள்தான் இப்பூச்சி சௌக்கியமாக உலவுகிறது. மனிதன் உள்ளங்கையில் சிறிது நேரம் வைத்திருந்தால் அந்தச் சூடே இதன் உயிருக்கு ஆபத்தாக முடியும். அதே சமயம், உறைநிலைக்குக் கீழே பல டிகிரி இறங்கிவிட்டாலோ உடலின் திரவங்கள் உறைந்து இறந்துபோகிறது. ஏனெனில், துருவப் பிரதேசத்துப் பூச்சிகள் சிலவற்றைப் போல உடல் உறைந்தும் உயிர் தாங்கும் சக்தி இதற்கு இல்லை. ஆகவே, வெளியே காற்றின் குளிர் மிகக் கொடியதாக இருக்கும் மாரிக்காலத்தில், தரையின் மேல் கனத்துப் படியும் பனிப்போர்வைக்கு அடியில், வெப்பநிலை உறைநிலையை அதிகம் விட்டு விலகாத மண்ணிலும் கல்லிடுக்கிலும் இது ஒதுங்கி வாழ்கிறது. கம்பளி நம்மைக் காப்பது போல் பனியே இதைக் காக்கிறது என்றால் மிகையாகாது. பனி குறைந்த மாரிக்காலம் இதற்குக் குளிர் மிகுந்த காலம் என்பதை மறக்கலாகாது.

ஆகாரத்துக்கும் பனியையே நம்பியிருக்கிறது. பகலில் பள்ளத்தாக்குகளிலிருந்து மேல்நோக்கி வீசும் காற்று ஈக்களையும் வேறு சிறு பூச்சிகளையும் அடித்துக்கொண்டு வந்து பனிப்பரப்பில் போட, அவை குளிரால் விறைத்துக் கிடக்கும். இரவு வந்ததும் கிரில்லோபிளாட்டா வெளிப்பட்டு, செத்தவற்றையும் சாகும் நிலையிலுள்ளவற்றையும் மெதுவாகத் தின்கிறது. பாசி முதலிய தாவரப் பொருள்களையும் உண்பதுண்டு. குளிரின் காரணமாக இதன் வாழ்க்கையின் ஒவ்வொரு கட்டமும் தாமதப்படுகிறது: மண்ணிலோ பாசியிலோ இடப்படும் முட்டை பொரிவதற்கு ஓராண்டுக் காலம் செல்லலாம், இளம்பூச்சி பன்முறை சட்டை உரித்து முழு வளர்ச்சி அடைவதற்குப் பல ஆண்டுகள் கழிகின்றன. ஒரு கோடையில் பிறந்து அதே கோடையில் மடியும் பூச்சிகளையே கண்டு பழகியவர்களுக்கு இந்த நிதானம் நம்புதற்கரியதாகத் தோன்றும்.

கனடாவின் ஆல்பர்ட்டா, பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணங்களிலிருந்து தெற்கே கலிபோர்னியாவின் சியரா நெவாடா வரையில் இச்சாதியின் இனங்கள் காணப்படுகின்றன. சில இனங்கள் மலையுச்சிகளை விட்டு, எரிமலைக் குழம்பு ஓடி ஆறியதால் உண்டான குகைகளின் குளிரில் வாழ்கின்றன. வாஷிங்டன் மாநிலத்தின் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலைப் பகுதியிலும் அத்தகைய இனம் ஒன்று உண்டு. பசிபிக் சமுத்திரத்துக்கு அப்பால் ஜப்பான், கொரியா, சைபீரியா, சீனா ஆகிய இடங்களில் இவ்வரிசையின் வேறு சாதிகள் உள்ளன. ஜப்பானியச் சாதி, நிக்கோவுக்கு அருகே சூசென்ஜி ஏரிக்கரையில் அதைச் சேகரித்த கால்வா என்னும் பிரெஞ்சு ராஜதந்திரியின் பெயரால் காலோயிசியானா என்று வழங்குகிறது. வரிசை முழுவதிலும் அறியப்பட்ட இனங்கள் சில பத்துகளே.

கடைசிப் பெரும் பனியூழிக் காலத்தில், குளிர்ந்த நிலம் தாழ்வான பிரதேசங்கள் வரை பரவியிருந்தபோது இவற்றின் மூதாதையர்களும் அவ்வாறே பரவியிருக்கக்கூடும் என்றும், பனி பின்வாங்கப் பின்வாங்க இவையும் மலைகளின் மீதேறி ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து தனித்தன்மை பெற்றன என்றும் விஞ்ஞானிகள் கருதுகின்றனர். இறகில்லாத இப்பிராணிக்கு இடையிலுள்ள வெப்பமான பள்ளத்தாக்கைக் கடந்து அடுத்த மலைக்குச் செல்லும் வழி கிடையாது. ஆகவே பூமியின் வெப்பம் உயர்ந்து பனித்திட்டுகள் சுருங்கிவரும் இக்காலத்தில், பிடிப்போரின் வலையைவிடப் பனியின் மறைவே இதற்குப் பெரிய அபாயம். இருக்கும் மலையிலேயே இன்னும் உயரத்துக்கோ, கற்குவியலின் ஆழத்துக்கோ ஒதுங்குவதைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. கனடா நாட்டுப் பூச்சியியல் சங்கம் தன் முத்திரையில் பொறித்துக்கொண்டிருப்பது இப்பூச்சியின் உருவத்தையே.