ஒரே மாடல் கார், இரண்டு பிரீமியம்: பாலிசிக்குப் பின்னால் உள்ள வரலாறு



சில வாரங்களுக்கு முன் நம் கார் நிறுத்தும் இடத்தில் ஒரு சிறு பேச்சு. அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் இருவர். ஒரே மாடல் கார், ஒரே வருடம் வாங்கியது, ஒரே இன்சூரன்ஸ் கம்பெனி. ஆனால் புதுப்பிக்கும்போது ஒருவர் மற்றவரைவிடக் கிட்டத்தட்ட ஐயாயிரம் ரூபாய் கூடுதலாகக் கட்டியிருந்தார். "என்ன சார், என்னை மட்டும் ஏமாத்திட்டாங்களா?" என்று என்னிடம் கேட்டார். வங்கியில் வேலை பார்த்தவனுக்கு இன்சூரன்ஸும் தெரிந்திருக்கும் என்று நம் குடியிருப்பில் ஒரு நம்பிக்கை. இரண்டு பாலிசிகளையும் வாங்கி வரிவரியாகப் பார்த்தேன். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. அந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பழைய கதைக்குப் போக வேண்டும்.

உங்கள் பாலிசியை எடுத்துப் பாருங்கள். பிரீமியம் இரண்டு கட்டங்களாகப் பிரிந்திருக்கும். ஒன்று 'ஓன் டேமேஜ்', அதாவது உங்கள் காருக்கு ஏற்படும் சேதத்துக்கானது. இன்னொன்று 'தேர்ட் பார்ட்டி', அதாவது உங்கள் காரால் வேறொருவருக்கு ஏற்படும் இழப்புக்கானது. இரண்டையும் சேர்த்து ஒரே காசோலையில் கட்டிவிடுவதால் ஒரே சரக்கு என்று நினைக்கிறோம். இவை இரண்டும் வேறு வேறு காரணத்துக்காகப் பிறந்தவை. விலை நிர்ணயிக்கும் கைகளும் வேறு.

தெருவில் நடப்பவருக்காக வந்த சட்டம்

இங்கிலாந்தில் மோட்டார் வண்டிகள் பெருகிய காலத்தில் ஒரு சிக்கல் எழுந்தது. அடிபட்டவர் வழக்குப் போட்டு ஜெயிப்பார். ஆனால் ஓட்டியவரிடம் கொடுக்கப் பணம் இருக்காது. அவரிடம் இன்சூரன்ஸ் இருந்தும் அவர் திவாலாகிவிட்டால் இன்னும் கொடுமை. இன்சூரன்ஸ் பணம் அவருடைய சொத்தாகக் கணக்கிடப்பட்டு, மற்ற கடன்காரர்களோடு பங்குபோடப்படும். கால் இழந்தவரும் மளிகைக்கடைக்காரரும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். 1930இல் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று அந்தப் பணத்தை நேராக அடிபட்டவருக்கே சேர்த்தது. மற்றொன்று தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் இல்லாமல் சாலையில் வண்டி ஓட்டக்கூடாது என்றது.

நம் நாட்டில் 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இதே வழியைப் பின்பற்றியது. அதன் எட்டாவது அத்தியாயம்தான் கட்டாய இன்சூரன்ஸைப் பற்றியது. ஆனால் அந்த அத்தியாயம் நடைமுறைக்கு வந்தது 1946 ஜூலை 1 அன்று. 1956இல் செய்த திருத்தம், விபத்து வழக்குகளுக்கென்று தனித் தீர்ப்பாயங்கள் அமைக்க வழி செய்தது. 1939 சட்டத்தின் இடத்தில் 1988ஆம் ஆண்டின் சட்டம் வந்து, 1989 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. கட்டாய இன்சூரன்ஸைச் சொல்லும் பிரிவு இன்றைக்கு 146.

ஒரே விலைப் பட்டியல் இருந்த காலம்

அந்தக் காலத்தில் பேரம் என்ற பேச்சே கிடையாது. 1968இல் இன்சூரன்ஸ் சட்டத்தைத் திருத்தி, கட்டண ஆலோசனைக் குழு ஒன்றைச் சட்டப்படி அமைத்தார்கள். அது போடும் பட்டியல்தான் விலை. 1973 ஜனவரி 1 முதல் பொது இன்சூரன்ஸ் தேசியமயமானது. 107 கம்பெனிகள் நான்காகச் சேர்க்கப்பட்டன. கல்கத்தாவில் நேஷனல், பம்பாயில் நியூ இந்தியா, டெல்லியில் ஓரியண்டல், நம் சென்னையில் யுனைடெட் இந்தியா. நான்கில் எதில் கேட்டாலும் பைசா வித்தியாசம் இருக்காது. கார் கடன் கொடுக்கும்போது வங்கியின் பெயரைப் பாலிசியில் சேர்த்து வாங்குவது எங்கள் வேலைகளில் ஒன்று. எந்தக் கம்பெனியிலிருந்து வந்தாலும் பிரீமியத் தொகையை நாங்கள் சரிபார்த்ததே இல்லை. ஏனென்றால் அது பட்டியல் விலை.

இந்த வரிசையில் கடைசியாக வந்தது 2002ஆம் ஆண்டின் அகில இந்திய மோட்டார் கட்டணப் பட்டியல். அதில் ஓன் டேமேஜ் விலையை மூன்று விஷயங்கள் தீர்மானித்தன: கார் பதிவான ஊர், எஞ்சினின் சி.சி., காரின் வயது. சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத், அகமதாபாத், புனே ஆகிய எட்டு நகரங்கள் ஏ மண்டலம். மற்ற ஊர்கள் எல்லாம் பி மண்டலம். ஐந்து வருடத்துக்கு உட்பட்ட, 1000க்கு மேல் 1500 சி.சி. வரையுள்ள காருக்கு ஏ மண்டலத்தில் மதிப்பில் 3.283 சதவீதம், பி மண்டலத்தில் 3.191 சதவீதம். ஐந்து லட்ச ரூபாய் மதிப்புள்ள காருக்குச் சென்னையில் 16,415 ரூபாய், மதுரையில் 15,955 ரூபாய். நகர நெரிசலுக்காக நாம் கொடுத்த கூடுதல் விலை 460 ரூபாய்தான்.

காரின் மதிப்பு என்பது ஐ.டி.வி. எனப்படும் தொகை. காரின் பட்டியல் விலையிலிருந்து தேய்மானத்தைக் கழிக்க வேண்டும். முதல் ஆறு மாதம் 5 சதவீதம், ஒரு வருடம் வரை 15, இரண்டு வருடம் வரை 20, மூன்று வரை 30, நான்கு வரை 40, ஐந்து வரை 50. கார் திருடுபோனாலோ வெள்ளத்தில் மூழ்கி முழுதும் வீணானாலோ இந்தத் தொகைதான் கிடைக்கும். பிரீமியம் குறையட்டும் என்று இதைக் குறைத்துப் போடச் சொல்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

2007: பாதிச் சுதந்திரம்

1994இல் மல்ஹோத்ரா குழு அறிக்கை கொடுத்தது. 1999இல் ஒழுங்குமுறை ஆணையத்துக்கான சட்டம் வந்தது. தனியார் கம்பெனிகள் மீண்டும் நுழைந்தன. 2007 ஜனவரி 1 முதல் ஓன் டேமேஜ் விலையை அந்தந்தக் கம்பெனியே நிர்ணயிக்கலாம் என்று விட்டுவிட்டார்கள். அன்று முதல்தான் ஒரே காருக்கு ஊரில் பத்து விலை. எந்த மாடலுக்கு உதிரிபாகம் விலை அதிகம், எது அதிகம் திருடுபோகிறது, எந்த ஊரில் கிளெய்ம் அதிகம் வருகிறது என்று ஒவ்வொரு கம்பெனியும் தன் அனுபவத்தைப் பார்த்துத் தள்ளுபடி கொடுக்கிறது அல்லது கொடுக்க மறுக்கிறது.

பழைய பட்டியலிலிருந்து மாறாமல் வந்த ஒன்று நோ கிளெய்ம் போனஸ். கிளெய்ம் இல்லாத முதல் வருடத்துக்கு 20 சதவீதம், பிறகு 25, 35, 45, கடைசியில் 50. ஒருமுறை கிளெய்ம் செய்தால் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். இது காருக்குச் சொந்தமல்ல, உங்களுக்குச் சொந்தம். பழைய காரை விற்றுவிட்டுப் புதியது வாங்கினால் கூடவே கொண்டு போகலாம். பாலிசி முடிந்து 90 நாட்களுக்குள் புதுப்பிக்காவிட்டால் மொத்தமும் போய்விடும்.

நம் இரண்டு நண்பர்களின் கணக்கு இதுதான். இருவருக்கும் ஐ.டி.வி. ஐந்து லட்சம். பட்டியல் விலை 16,415இல் கம்பெனி பாதியைத் தள்ளுபடி செய்ததால் 8,207 ரூபாய். ஒருவர் தன் பழைய காரின் போனஸை இந்தக் காருக்குக் கொண்டுவந்து 50 சதவீதத்தில் இருக்கிறார். அவருக்கு 4,104. மற்றவர் சென்ற வருடம் தூணில் உரசிய கீறலுக்குக் கிளெய்ம் வாங்கினார். கிடைத்தது மூவாயிரம் சொச்சம். போனஸ் பூஜ்யம். அவருக்கு முழு 8,207. வித்தியாசம் 4,103, அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. மூவாயிரம் வாங்கி ஐயாயிரம் கொடுத்திருக்கிறார். சிறு கீறலைக் கைக்காசில் பார்த்துக்கொள்வது நல்லது என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான்.

விலை விடுதலை ஆகாத பாதி

ஆனால் இருவர் பாலிசியிலும் ஒரு எண் மட்டும் ஒன்றாகவே இருந்தது: தேர்ட் பார்ட்டி 3,416 ரூபாய். இதை எந்தக் கம்பெனியும் கூட்டவோ குறைக்கவோ முடியாது. 2007இல் இந்தப் பாதியை அரசு கையைவிட்டு விடவில்லை. 2011 முதல் ஒழுங்குமுறை ஆணையம் ஆண்டுதோறும் அறிவித்து வந்தது. பிறகு ஆணையத்தைக் கலந்து மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகமே அறிவிக்கத் தொடங்கியது. 2022 ஜூன் 1 முதல் வந்த அறிவிப்பின்படி 1000 சி.சி. வரை 2,094, 1500 வரை 3,416, அதற்கு மேல் 7,897. மின்சாரக் காருக்கு 15 சதவீதம் தள்ளுபடி. இரு சக்கர வண்டிக்கு, 75க்கு மேல் 150 சி.சி. வரை 714 ரூபாய்.

ஏன் விடவில்லை? ஓன் டேமேஜில் கம்பெனியின் பொறுப்புக்கு எல்லை உண்டு. காரின் மதிப்புக்கு மேல் போகாது. மரணத்துக்கும் காயத்துக்குமான தேர்ட் பார்ட்டி பொறுப்புக்கு எல்லையே கிடையாது. தீர்ப்பாயம் சொல்லும் தொகையைக் கொடுத்தாக வேண்டும். விலையை அவிழ்த்துவிட்டால், லாரி போன்ற வண்டிகளுக்குப் பாலிசி தரவே கம்பெனிகள் தயங்கும். ஆகவே 2007இல் வணிக வாகனங்களின் தேர்ட் பார்ட்டி சுமையை எல்லாக் கம்பெனிகளும் பங்கிட்டுக்கொள்ள ஒரு பொது நிதியை ஏற்படுத்தி 2012 வரை நடத்தினார்கள்.

தீர்ப்பாயத்தின் கணக்கையும் பாருங்கள். 38 வயதில் ஒருவர் விபத்தில் இறக்கிறார். சொந்தத் தொழில், மாதம் 15,000 ரூபாய் வருமானம், மனைவியும் இரண்டு குழந்தைகளும். ஆண்டு வருமானம் 1,80,000. உச்ச நீதிமன்றத்தின் 2017ஆம் ஆண்டுத் தீர்ப்புப்படி எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம் சேர்த்தால் 2,52,000. அவருடைய சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கு கழித்தால் 1,68,000. 2009ஆம் ஆண்டுத் தீர்ப்புப்படி அந்த வயதுக்குப் பெருக்கும் எண் 15. மொத்தம் 25,20,000 ரூபாய். இது நம் நண்பர்கள் கட்டிய 3,416 போல ஏறக்குறைய 738 கார்களின் ஒரு வருடத் தேர்ட் பார்ட்டி பிரீமியம்.

இந்தப் பணம் போய்ச் சேரும் இடத்தை நான் கவுண்டருக்குப் பின்னால் இருந்து பார்த்திருக்கிறேன். கோர்ட்டுக்குப் பக்கத்துக் கிளை ஒன்றில் சில வருடங்கள் இருந்தேன். நஷ்ட ஈட்டை மொத்தமாகக் கையில் கொடுத்தால் கரைந்துவிடும் என்பதால், குழந்தைகளின் பங்கை அவர்கள் வயதுக்கு வரும்வரை வங்கியில் டெபாசிட் போடச் சொல்வார்கள். ரசீதின் மேல் எழுதியிருப்போம்: தீர்ப்பாயத்தின் அனுமதியின்றிக் கடனோ முன்கூட்டிப் பணமோ தரக்கூடாது. தாய்மார்கள் வந்து வட்டியை மட்டும் வாங்கிப் போவார்கள். பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதத்தில் கூட்டம் அதிகமாக இருக்கும்.

அவர்களில் ஒரு பெண் மறக்கவில்லை. தீர்ப்பு வந்துவிட்டது, பணம் வரும் என்று மகளின் பெயரில் கணக்குத் தொடங்கினார். அவர் கணவர் மீது மோதிய வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லை. தீர்ப்பு வண்டிக்காரர் மீது. வண்டிக்காரரிடம் ஒன்றும் இல்லை. இரண்டு மூன்று முறை வந்து பாஸ்புக்கை நீட்டினார். கணக்குத் தொடங்கப் போட்ட தொகைக்குக் கீழே, நான் இடம் மாறும்வரை, வட்டியைத் தவிர வேறு வரவு ஏறவில்லை. 1930இல் இங்கிலாந்தில் பார்த்த அதே சிக்கல்தான்.

கோவையிலிருந்து போன வழக்கு

புது வண்டிக்கு முதல் வருடம் ஷோரூமில் இன்சூரன்ஸ் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு, முக்கியமாக இரு சக்கர வண்டிகளுக்கு, பலர் புதுப்பிப்பதே இல்லை. கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன், சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்திருந்தார். அந்த வழக்கில் 2018 ஜூலையில் ஓர் உத்தரவு வந்தது. அதன்படி 2018 செப்டம்பர் 1 முதல் புதுக் காருக்கு மூன்று வருடம், புது இரு சக்கர வண்டிக்கு ஐந்து வருடம் தேர்ட் பார்ட்டி பிரீமியத்தை வாங்கும்போதே கட்டிவிட வேண்டும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஐந்து வருடம் ஒன்றும் கட்டாமல் இருந்து பழகியவருக்கு ஆறாவது வருடம் நினைவுக்கு வருமா? இந்தக் கட்டுரைக்காகத் தாள்களைப் புரட்டியபோது, 2019இல் வாங்கிய என் ஸ்கூட்டரின் பாலிசியையும் பார்த்தேன். தேதி முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அந்த நான்கு மாதமும் அதில்தான் மார்க்கெட்டுக்குப் போய் வந்திருக்கிறேன். பிடிபட்டால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம், மறுபடி பிடிபட்டால் 4,000. எனக்கு அபராதம் நினைவுக்கு வரவில்லை. அந்தப் பாஸ்புக்தான் நினைவுக்கு வந்தது. அன்று மாலையே 714 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் கட்டிவிட்டேன்.

ஓன் டேமேஜுக்கு நான்கு கம்பெனிகளில் விலை கேளுங்கள், தள்ளுபடி கேளுங்கள். அது உங்கள் உரிமை. தேர்ட் பார்ட்டியில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று, முடியும் தேதி. நம் கீழ்த்தளத்தில் 2018க்குப் பிறகு வாங்கிய ஸ்கூட்டர்களும் பைக்குகளும் வரிசையாக நிற்கின்றன. உங்களுடையது, பிள்ளைகளுடையது, வீட்டு வேலைக்கு வருபவருடையது, எல்லாவற்றின் தேதியையும் இந்த வாரமே ஒருமுறை பாருங்கள். பாலிசியைப் படிக்கத் துணை வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை காலை சங்க அறையில் இருப்பேன். மூக்குக்கண்ணாடியை மட்டும் மறக்காமல் கொண்டுவாருங்கள். அதிலுள்ள எழுத்து மிகவும் பொடி.