சுவரில் எழுந்த சரித்திரம்

சான் பிரான்சிஸ்கோ நகரின் மிஷன் பகுதியில், ஜெர்மானியரின் தேகப்பயிற்சிக் கழகத்துக்காக 1910ஆம் ஆண்டில் எழுப்பப்பெற்று, பின்னர் நார்வே வம்சத்தாரின் சங்க மண்டபமாக விளங்கி, 1979இல் பெண்களின் பொதுப் பணிகளுக்கென்றே பெண்களால் விலைக்கு வாங்கப்பட்ட கட்டடம் ஒன்று நிற்கிறது. மாதர் இல்லம் என்னும் அக்கட்டடத்தின் வெளிச்சுவர்களில், 1994ஆம் ஆண்டில், பல்வேறு இனங்களைச் சேர்ந்த ஏழு பெண் ஓவியர்கள், தொண்டர் பலரின் துணையோடு, ‘மேஸ்ட்ரா பீஸ்’ என்ற மகா சித்திரத்தைத் தீட்டினார்கள்.

அவ்வெழுவருள் ஒருவரான ஐரீன் பெரெஸ், சுவரோவியம் ஆடவர்க்கே உரிய தொழில் என்றிருந்த 1970களில், சாரம் கட்டி ஏறி அதே வட்டாரத்தின் சுவர்களில் வண்ணம் தீட்டிய ‘முஹேரெஸ் முரலிஸ்தாஸ்’ என்ற பெண்கள் குழுவிலும் இருந்தவர். ஆகவே இச்சித்திரம் இருபதாண்டுச் சாதனையின் கனி என்றே சொல்ல வேண்டும்.

குவாத்தமாலாவின் மாயா குடியிற் பிறந்து, இளமையில் தோட்டக் கூலியாய் உழைத்து, உள்நாட்டுப் போரில் பெற்றோரையும் உடன்பிறந்தாரையும் பறிகொடுத்து, தம் ஆதிகுடி மக்களின் உரிமைக்காகக் குரலெழுப்பி, 1992இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்ற ரிகோபெர்த்தா மென்ச்சு இச்சித்திரத்தில் பேருருவமாகக் காட்சி தருகிறார். சுவரெங்கும் ஓடும் பல தேசத்து ஆடைகளின் கோலங்களினூடே எண்ணிறந்த பெண்களின் திருநாமங்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. மன்னருக்கும் தளபதிகளுக்கும் சிலை வைத்த உலகம், நெய்தவளையும் நட்டவளையும் மறந்த அபசாரத்துக்கு, அச்சுவர் செய்யும் பிராயச்சித்தம் மகத்தானது.