ஒல்லாந்தர் திருச்சபையும் தமிழ்ப் போதகரும்

மட்டாஞ்சேரிச் சந்தையைக் கடந்து கோட்டைக் கொச்சியை அடைவோர்க்குப் புனித பிரான்சிசு ஆலயம் கண்ணிற்படும். வாஸ்கோ ட காமாவை 1524இல் அடக்கம் செய்த இடம் என்று அதனைக் காட்டுவர். ஊரிலிருந்து வரும் விருந்தினரை நாமும் அங்கே அழைத்துச் செல்கிறோம். ஆயின், 1663இல் ஒல்லாந்தர், அஃதாவது டச்சுக்காரர், கொச்சியைக் கைப்பற்றியது முதல் 1804 வரை அக்கோயில் அவர்தம் சீர்திருத்தத் திருச்சபைக்கு உரியதாய் இருந்தது என்பதையும், அதே திருச்சபை கடல் கடந்த இலங்கையிலே தமிழ்ப் புலவர் ஒருவருக்குக் குருப்பட்டம் அளித்தது என்பதையும் அறிந்தோர் நம்மிடையே சிலரே.

அத்திருச்சபையில் ஆயருக்கு மேல் ஆயர் என்னும் படிவரிசை இல்லை. போதகரும் சபையார் மூப்பரும் கூடியிருந்து ஆளும் முறை அது. ஸ்காட்லாந்தின் பிரஸ்பிட்டேரியன் சபையும் இம்மரபைச் சேர்ந்ததே. எனினும் கீழைநாடுகளில் போதகர்க்குச் சம்பளம் அளித்தது ஒல்லாந்தக் கம்பெனி. சம்பளம் அளிப்பவன் கை எங்கே ஓங்கும் என்பதை அரசு அலுவலில் இருப்போர்க்கு விளக்க வேண்டுவதில்லை.

1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமாயிற்று. கோவிற்பற்றுகள் முப்பதுக்கு மேல்; ஐரோப்பியப் போதகரோ மிகச் சிலர். அவர்களுள் ஒருவரான பால்தேயு, மலையாளக் கரையையும் சோழமண்டலக் கரையையும் இலங்கையையும் பற்றி எழுதிய பெருநூல் 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. ஊர்தோறும் சபையைத் தாங்கியவர் யாரெனின், தமிழ்ப் பள்ளி ஆசிரியரே. பிள்ளைகட்கு வினாவிடை கற்பித்தார். ஞானஸ்நானமும் திருமணமும் பதிவேட்டில் எழுதினார். ஞாயிறுதோறும் தமிழாக்கிய பிரசங்கத்தைச் சபை முன் வாசித்தார். வாசித்தாரே அன்றி, ஞானஸ்நானம் கொடுக்கவோ திருவிருந்து நடத்தவோ அவருக்கு உரிமையில்லை. அதற்குக் குருவானவர் எப்போது வருவார் என்று ஊரே காத்திருக்கும்.

இக்குறையை நீக்கவே 1690இல் நல்லூரிலும் 1696இல் கொழும்பிலும் போதனாசாலைகள் எழுந்தன. ஆசிரியர், உபதேசியார், பிரசங்கிக்க மட்டும் உரிமை பெற்ற இளம் போதகர், பட்டம் பெற்ற குருவானவர் எனப் படிகள் அமைந்தன. மேற்படி ஏற விரும்புவோன் ஒல்லாந்தமும் இலத்தீனும் பயில வேண்டும். கிரேக்கமும் எபிரேயமும் அறிந்தால் நன்று. தேர்ந்த சிலர் ஒல்லாந்துக்கே அனுப்பப்பட்டனர். துறைத் தேர்வுக்காக விளக்கடியில் அமர்ந்த என் போன்ற எழுத்தர்க்கு அந்த மாணாக்கர் மீது இரக்கம் பிறப்பது இயல்பே.

அப்படிகளில் ஏறியவர் பிலிப்பு தெமெல்லோ. 1723இல் பிறந்து, கொழும்புப் போதனாசாலையில் பயின்று, குருப்பட்டம் பெற்று, யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்தார். 1759இல் கொழும்பில் அச்சாகிய தமிழ்ப் புதிய ஏற்பாட்டில் அவர் உழைப்பு உண்டு. சைமன் காசிச்செட்டி 1859இல் வெளியிட்ட ‘தமிழ் புளூட்டாக்’ என்னும் நூலில், புலவர் வரிசையிலேயே அவரை வைத்துப் போற்றுகிறார். இலத்தீன் கற்றும் தமிழை மறவாதவர்!

தரங்கம்பாடி லுத்தரன் சபையார் வேறு வழி கண்டனர். கடலூரிற் பிறந்த ஆரோன், உபதேசியாராய்ப் பல்லாண்டு ஊர்தோறும் உழைத்தபின், 1733 டிசம்பர் 28இல் குருப்பட்டம் பெற்றார். அங்கே ஊழியமே முதற் சான்று, கொழும்பில் மொழித்தேர்ச்சி. எனக்குத் தரங்கம்பாடி வழியே நேரியதாகத் தோன்றுகிறது. ஆயினும் கொழும்பு வழி இன்றேல் தெமெல்லோவின் பன்மொழிப் புலமை நமக்குக் கிடைத்திராது என்பதையும் ஒப்ப வேண்டும்.

ஒல்லாந்தர் ஆட்சியில் உத்தியோகம் விரும்பியே ஞானஸ்நானம் பெற்றோர் பலர். தெமெல்லோ 1790இல் மறைந்தார். 1795இல் கொச்சியும் யாழ்ப்பாணமும், 1796இல் கொழும்பும் ஆங்கிலேயர் கைக்கு மாறின. இலங்கையில் பள்ளி ஆசிரியரின் சம்பளம் நின்றது. பள்ளிகள் பல மூடப்பட்டன. ஏட்டில் பெயர் பதிந்திருந்த பல்லாயிரவர் சில ஆண்டுகளுக்குள் தத்தம் பழைய சமயங்களுக்கே திரும்பினர். பிரசங்கம் வாசித்து வந்த ஆசிரியருக்கு அப்போது வாசிக்கச் சபையும் இல்லை, ஏற அடுத்த படியும் இல்லை.