நுகமும் பாரமும்: வேங்கடம் சென்ற கூண்டு வண்டிகள்

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழ் மக்கள் விடுமுறைக்கு ஊர் திரும்புங்கால், பலர் திருப்பதியில் இறங்கி, மலையேறி, பெருமாளைச் சேவித்த பின்னரே சொந்த ஊருக்குப் பயணமாகின்றனர். இரயில், பேருந்து, மலைச்சாலை யாவும் இன்று எளிதில் கிடைக்கின்றன. ஆனால் நம் பாட்டன் பாட்டியர் இவ்வழியை எவ்வாறு கடந்தனர்? வீட்டையே வண்டியில் ஏற்றிக்கொண்டு கடந்தனர் என்பதே விடை. அந்த வண்டியின் வரலாற்றைச் சிறிது காண்போம்.

இழுக்கும் வண்டி ஒன்று, இழுபடும் வீடு ஒன்று என இரண்டையும் பிணைத்துச் செல்லும் வழக்கம் மேனாட்டாரின் புதுமை என்று நம்மிற் சிலர் கருதுவர். இங்கிலாந்தில் 1885-ஆம் ஆண்டு கார்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் மருத்துவர், உல்லாசப் பயணத்திற்கென்றே குதிரை பூட்டிய வீட்டு வண்டி ஒன்றைச் செய்வித்தார். அமெரிக்காவில் 1930-களில் மோட்டார் வண்டியின் பின் பூட்டும் 'டிரெய்லர்' வீடுகள் பெருகின. இன்று அந்நாட்டுக் குடும்பங்கள் பிக்கப் லாரியின் பின்னே அவற்றைப் பூட்டிக்கொண்டு நெடுந்தொலைவு செல்கின்றன. எனினும் இக்கருத்து நமக்குப் புதியதன்று.

காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடுவது பெரும்பாணாற்றுப்படை. அதன் ஆசிரியர் கடியலூர் உருத்திரங்கண்ணனார், உமணர் எனப்படும் உப்பு வணிகரின் வண்டியை நம் கண்முன் நிறுத்துகிறார். அவ்வண்டியின் கூரையில் கோழி தங்கும் கூடு இருக்கிறது. சிறிய உரல் ஒன்று கட்டித் தொங்குகிறது. காடி வைத்த கலம் கயிற்றால் பிணிக்கப்பட்டிருக்கிறது. குழந்தையை உடைய பெண் ஒருத்தி எருதுகளைப் பின்னிருந்து ஓட்டுகிறாள். சமையற்கட்டும் தொட்டிலும் கோழிக்கூடும் சக்கரத்தின்மேல் செல்லும் இக்காட்சியைக் குடும்ப வண்டி என்னாமல் வேறு என்னென்பது? வழியில் அச்சு முறிந்தால் மாற்றுவதற்கென்று அடியில் வேறோர் அச்சைக் கட்டிச் செல்லும் உமணர் வழக்கத்தை ஔவையார் புறநானூற்றில் உவமையாக்குகிறார். அதற்குச் 'சேமஅச்சு' என்று பெயர். இன்றைய மோட்டாரில் மாற்றுச் சக்கரம் வைத்திருப்பதற்கு இது முன்னோடி அன்றோ?

அத்தொண்டை மண்டலத்தின் வடபுறத்தே நிற்பது வேங்கடம். தமிழகத்தின் வட எல்லையாகத் தொல்காப்பியப் பாயிரம் குறிக்கும் மலை அது. வேலூர்ப் பகுதியிலிருந்து அங்குச் செல்வோர்க்குச் சித்தூரே நடுவழி ஊர். சித்தூரிலிருந்து திருப்பதி ஏறத்தாழ 70 கிலோமீட்டர்; இடையில் பாகாலையும் சந்திரகிரியும் உள்ளன. பாரவண்டி மணிக்கு இரண்டு மைல், மிஞ்சினால் இரண்டரை மைல் செல்லும். வெயில் தாழும்வரை மாடுகளை அவிழ்த்துவிட வேண்டும். ஆகவே இத்தொலைவுக்கு மூன்று நாள் வேண்டியிருந்தது. சென்னை இராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டுப் பகுதி வரை 1856-இலேயே இரயில் ஓடியது. நூற்றாண்டின் இறுதிக்குள் திருப்பதிக்கும் இருப்புப்பாதை வந்துவிட்டது. ஆயினும் நிலையத்திற்குத் தொலைவிலிருந்த சிற்றூர் மக்களுக்கு நெடுங்காலம் வண்டியே துணை.

எங்கள் இல்லத்து மூதாட்டியார் சிறுமியாயிருந்தபோது இவ்வழி சென்ற கதையை நாம் பன்முறை கேட்டிருக்கிறோம். புரட்டாசி மாதம், மஞ்சள் துணியில் காசு முடிந்தாயிற்று. மூங்கிற் கூண்டின் உள்ளே வைக்கோல் பரப்பி, அதன்மேல் ஜமக்காளம் விரித்தனர். கட்டுச்சோற்று மூட்டையும் தண்ணீர்க் குடமும் ஏறின. அச்சின் கீழே அரிக்கேன் விளக்கு ஒன்று ஆடிக்கொண்டே வந்தது. கொள்ளையர்க்கு அஞ்சி நான்கைந்து வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகவே சென்றன.

புறப்படுமுன் வண்டிக்காரர் செய்த சோதனைகளைக் கேட்டால் இன்றைய மோட்டார் ஓட்டுநரும் வியப்பர். அச்சுக்கு மை இடுவார். கடையாணியைத் தட்டிப் பார்ப்பார். மாட்டின் இலாடத்தை நோக்குவார். கோடையில் சக்கரத்தின் மரம் சுருங்கி இரும்புப் பட்டா தளர்வதுண்டு. அப்போது வண்டியை ஏரி நீரில் இறக்கி நிறுத்துவர்; மரம் ஊறிப் பருத்துப் பட்டாவை இறுகப் பற்றிக்கொள்ளும்.

இவை எல்லாவற்றினும் முதன்மையானது பாரம் ஏற்றும் முறை. இரு சக்கர வண்டி துலாக்கோல் போன்றது; அச்சே அதன் நடு. சுமை முன்னே மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும், இது முன்பாரம். பின்னே மிகுந்தால் நுகம் மேலெழும், கழுத்தைச் சுற்றிய பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும், இது பின்பாரம். ஆதலின் நுகத்தில் சிறிதளவே பாரம் நிற்குமாறு சுமையை அச்சுக்குச் சற்று முன்னே அமைப்பர். அமெரிக்க டிரெய்லருக்கும் இதே நெறிதான். அதன் மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு பூட்டுமுனையில் நிற்க வேண்டும் என்பர். குறைந்தால் வீடு வாலைப் போல் இருபுறமும் ஆடி, இழுக்கும் வண்டியையும் கவிழ்த்துவிடும்.

மூதாட்டியார் கண்ட விபத்தும் இதனால் நேர்ந்ததே. திரும்பும் வழியில், திருப்பதியில் வாங்கிய பித்தளைப் பாத்திரங்களை வண்டியின் பின்புறத்தில் அடுக்கியிருந்தனர். ஒரு மேட்டில் ஏறும்போது கூண்டு பின்னே சாய்ந்தது, நுகம் எழுந்தது, வலத்து மாடு மூச்சு முட்டிக் கால் மடக்கியது. வண்டிக்காரர் அரிவாளால் பூட்டாங்கயிற்றை அறுத்தார். பாத்திரங்கள் உருண்டோடின. மாடு பிழைத்தது. எஞ்சிய வழியில் ஆண்கள் ஆளுக்கொரு குடத்தைத் தோளில் சுமந்து நடந்தனராம். "பாத்திரம் நசுங்கினால் தட்டி எடுக்கலாம், மாடு போனால் குடும்பமே போச்சு" என்று அம்மூதாட்டியார் கூறுவார். எருது ஒன்றை இழப்பது உழவும் பிழைப்பும் இழப்பதாயிருந்த காலம் அது.

ஏற்றத்தினும் இறக்கம் கொடிது. அப்போது பாரம் முன்னே பாய்ந்து, இழுக்கும் மாட்டையே தள்ளத் தொடங்கும். ஆகவே எல்லாரும் இறங்கி நடப்பர். பின்புறத்துக் குறுக்குக் கட்டையைக் கயிற்றால் இறுக்கிச் சக்கரத்தில் உரசச் செய்வர்.

வண்டிகள் மலையடிவாரத்தில் நின்றுவிடும். அங்கிருந்து அலிபிரி வழியே 3,550 படிகள். சீனிவாச மங்காபுரத்தின் பக்கமாக ஏறும் ஸ்ரீவாரி மெட்டு வழியில் 2,388 படிகள். இயலாதவர் டோலியில் சென்றனர். 1944 ஏப்ரல் 10 அன்று சென்னை மாகாணக் கவர்னர் ஆர்தர் ஹோப் மலைச்சாலையைத் திறந்து வைத்தார். ஏறத்தாழ 2,800 அடி உயரத்துத் திருமலைக்குச் சக்கரம் ஏறத்தக்க வழி அப்போதுதான் பிறந்தது. 1974-இல் இரண்டாம் சாலை அமைந்தது. அது ஏறவும் பழையது இறங்கவும் ஆயின. வேகத்தைத் தடுக்க, ஏறுவதற்குக் குறைந்தது 28 நிமிடமும் இறங்குவதற்கு 40 நிமிடமும் ஆகவேண்டும் என்று பின்னர் விதித்தனர். ஏறுவதைவிட இறங்கவே மிகுந்த நேரம் வேண்டும் என்பதை நோக்குங்கள். கூண்டு வண்டிக்காரர் அறிந்திருந்த உண்மையே இவ்விதியிலும் இருக்கிறது.

இதற்கிடையில் எல்லைகள் பலமுறை மாறின. வட ஆர்க்காட்டின் தலைநகராயிருந்த சித்தூர் 1911-இல் தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அம்மாவட்டம் அதில் சேர்ந்தது. 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்திற்கு வந்தது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. வண்டிக்காரர் கேட்டதோ தண்ணீர் எங்கே, நிழல் எங்கே என்பதே. தமிழில் கேட்டாலும் தெலுங்கில் கேட்டாலும் அவ்வழியில் விடை கிடைத்தது. இன்றும் சித்தூர்க் கடைத்தெருவில் இரு மொழியும் செல்லும்.

அன்பர்களே, பணியின் பொருட்டு வேற்று மாநிலங்களில் வாழும் நாமும் வீட்டையே கூட இழுத்துச் செல்பவரே. மாற்றல் ஆணை வந்ததும் பாத்திரமும் பாயும் புத்தகமும் லாரியில் ஏறுகின்றன. எதை விடுவது, எதை எடுப்பது என்று இல்லத்தில் வழக்காடுகிறோம். அப்போதெல்லாம் மேட்டில் அறுபட்ட அந்தப் பூட்டாங்கயிறு நம் நினைவுக்கு வருகிறது. அடுத்த முறை திருமலையிலிருந்து இறங்குங்கால், பேருந்து தாழ்ந்த கியரில் முனகிக்கொண்டு மெல்லச் செல்வதைக் கேளுங்கள். ஓட்டுநரை விரைவுபடுத்தாதீர்கள்.