மாநக்கவாரத்தில் மனந்திரும்பல்

மாநக்கவாரம் என்னும் பெயர் தமிழர்க்குப் புதியதன்று. முதலாம் இராசேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பைக் கூறும் தஞ்சைக் கல்வெட்டில், அவன் கொண்ட இடங்களின் வரிசையில் அப்பெயரும் இடம்பெற்றுள்ளது. அஃது இன்றைய நிக்கோபார் என்பது அறிஞர் கொள்கை. மணிமேகலையில் சாதுவன் கரையேறிய நக்கசாரணர் தீவையும் இதனோடு பொருத்திப் பார்த்தவர் உளர். அப்பொருத்தம் உறுதியானதோ அன்றோ, அக்கதை இங்கு நினைக்கத் தக்கது. கணிகையாலும் சூதாலும் பொருளிழந்த சாதுவன், கலம் உடைந்து நாகர் கையில் அகப்படுகிறான். அவர்கள் மொழியை அவன் அறிந்திருந்தமையால் உயிர் பிழைக்கிறான். அவர்கள் தலைவனிடம் வினைப்பயன் கூறி, கலங்கவிழ்ந்து கரையேறும் மக்களைக் கொல்லும் வழக்கத்தையும் கைவிடச் செய்கிறான். கெட்டுத் திருந்தியவன் ஒருவன் பிறரைத் திருத்திய கதை அது. மொழி அறியாதிருந்தால் அவன் இரையாகியிருப்பான் என்பதைச் சாத்தனார் மறவாமல் காட்டியிருக்கிறார்.

நிக்கோபாரில் கிறித்தவம் வேரூன்றிய வரலாற்றைப் படிக்குந்தோறும் சாதுவன் நம் நினைவுக்கு வருகிறான். அவ்வரலாறும் நம் சோழநாட்டுக் கடற்கரையிலிருந்தே தொடங்குகிறது. தரங்கம்பாடியை ஆண்ட டேனிஷ்காரர் 1756இல் இத்தீவுகளுக்கு உரிமை கொண்டாடினர். 1760இல் தரங்கம்பாடிக்கு வந்து தங்கிய மொரேவியச் சகோதரர்கள், 1768இல் நன்கௌரித் தீவில் குடியேறினர். காய்ச்சல் அவர்களை ஒருவர்பின் ஒருவராகக் கொண்டுபோயிற்று. 1787இல், ஒரு சபையையும் நிறுவ இயலாமலே, எஞ்சியோர் திரும்பினர். அவர்களுடைய தியாகத்தில் குறையில்லை. தீவு மக்களின் மொழி அவர்களுக்கு முழுதும் வசப்படவில்லை.

ஒரு நூற்றாண்டுக்குப் பின் அந்தப் பணி ஒரு தமிழர் கைக்கு வந்தது. வேதப்பன் சாலமோன் என்பது அவர் பெயர். சென்னை மாகாணத்திலிருந்து வந்த உபதேசியார். போர்ட் பிளேயரில் நிக்கோபார்ச் சிறுவர்களுக்கு ஆசிரியராக இருந்து, 19ஆம் நூற்றாண்டின் இறுதியாண்டுகளில் கார் நிக்கோபாரின் மூஸ் என்னும் ஊருக்கு அனுப்பப்பட்டார். அங்கே அவர் உபதேசியார் மட்டுமல்லர். அரசாங்கத்தின் முகவர், பள்ளி ஆசிரியர், வானிலை பதிவு செய்பவர் எல்லாம் அவரே. அவருடைய நாட்குறிப்பின் பகுதிகளை அந்நாளில் இத்தீவுகளின் தலைமை ஆணையராயிருந்த ரிச்சர்டு டெம்பிள் அச்சில் கொணர்ந்தார். கோப்புகளோடு காலந்தள்ளும் நம்போன்ற எழுத்தர்களுக்கு இந்த மனிதரிடம் தனி உறவு தோன்றுவது இயல்பே. மழையளவு குறித்தவரும் நம் இனந்தானே!

ஆனால் அவர் குறித்தவற்றுள் மழையினும் கொடியது ஒன்று உண்டு. ஆங்கிலேயர் ‘பேய்க்கொலை’ என்று பெயரிட்ட வழக்கம் அது. ஊரில் நோயோ சாவோ தொடர்ந்தால், அதற்குக் காரணம் இன்னார் என்று ஒருவர்மேல் ஐயம் விழும். ஐயம் ஊரார் முடிவாகும். பின்னர் ஊரே கூடி அவரைக் கொன்று உடலைக் கடலில் ஆழ்த்திவிடும். கொன்றவர்கள் தம்மைக் குற்றவாளிகளாகக் கருதவில்லை. ஊரைக் காத்ததாகவே கருதினர். தமக்குக் குற்றமென்றே தோன்றாத ஒன்றுக்காக ஒருவர் எங்ஙனம் வருந்த முடியும்? சாலமோன் எதிர்கொண்ட வினா இதுவே. அவர் சிறுவர்களுக்குப் பாடஞ் சொன்னார். சிலரைப் பர்மாவுக்கு மேற்படிப்புக்கு அனுப்பினார். 1909இல் அவர் மறைந்தபோது கிறித்தவர் தொகை மிகச் சிறியது. கணக்குப் பார்ப்போர் தோல்வி என்றே எழுதியிருப்பர்.

அவர் அனுப்பிய சிறுவருள் ஒருவர் ஜான் ரிச்சர்ட்சன். மாந்தலேயில் பயின்று ஊர் திரும்பி ஆசிரியரானார், பின்னர்க் குருவானார். புதிய ஏற்பாட்டைத் தம் தாய்மொழியில் பெயர்த்தார். அது 1950இல் வெளியாயிற்று. இடையில் ஜப்பானியர் ஆட்சி. 1942இல் தீவைப் பிடித்த அவர்கள், தோல்வி நெருங்கிய 1945இல், ஒற்றர் என்று ஐயுற்றுத் தீவினர் பலரை வதைத்துக் கொன்றனர். ரிச்சர்ட்சனும் சிறைப்பட்டார், ஜப்பான் சரணடைந்தமையால் உயிர் தப்பினார். ஐயத்தின் பேரால் கொல்லப்படுவது எத்தகையது என்பதை அத்தீவு அப்போது தன் உடம்பிலேயே கண்டது. போருக்குப் பின்னரே மக்கள் பெருந்திரளாகத் திருச்சபையில் சேர்ந்தனர். இரண்டிற்கும் தொடர்புண்டு என்பது நம் கருத்து.

பேய்க்கொலை மறைந்ததற்குத் திருச்சபை ஒன்றே காரணம் என்று கூறுவது மிகையாகும். அரசின் தண்டனைக்கும் அதில் பங்குண்டு. ஆயினும் தண்டனை கையைத் தடுக்குமேயன்றி உள்ளத்தைத் தொடாது. பழையன யாவும் அழியவுமில்லை. முன்னோரை நினைந்து கொண்டாடும் பன்றித் திருவிழா இன்றும் உண்டு. ரிச்சர்ட்சன் 1952இல் முதல் மக்களவையின் நியமன உறுப்பினரானார், பின்னர் அந்தமான் நிக்கோபாருக்கே ஆயரானார், 1978இல் காலமானார். 2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை மூஸ் உள்ளிட்ட கடலோர ஊர்களை அழித்தது.

இவ்வரலாற்றை நாம் தேடிப் படித்ததற்குக் காரணம் புலமை வேட்கை அன்று. மாற்றலாகிப் போர்ட் பிளேயர் வந்த புதிதில், உடன் வேலை செய்தோர் மாதந்தோறும் சேர்த்த பொதுநிதிக்கு நாமே கணக்கு எழுதினோம். ஒருமுறை தொகை குறைந்தது. எவரும் வெளிப்படச் சொல்லவில்லை. ஆயினும் எல்லாருடைய பார்வையும் கடைநிலை ஊழியராயிருந்த கார் நிக்கோபார் இளைஞர்மேல் விழுந்தது. நம் பார்வையும் அங்கேதான் விழுந்தது. நான்காம் நாள் கூட்டலைச் சரிபார்த்தபோது பிழை நம் எழுத்தில் இருந்தது. கணக்கைத் திருத்தினோம்; அவரிடம் ஒரு சொல்லும் கூறவில்லை. சில மாதங்களில் அவர் மாற்றல் பெற்று ஊருக்குச் சென்றுவிட்டார். சாலமோனின் குறிப்பில் ‘ஊரார் ஐயம்’ பற்றிப் படித்த இரவில் நமக்கு உறக்கம் வரவில்லை.

ஆறு ஆண்டுகள் கழித்து அவரை ஹாடோ துறைமுகத்தில் கண்டோம். கையில் மூட்டையும் குழந்தையுமாகக் கப்பலுக்குக் காத்திருந்தார். இந்தியில் தொடங்கினோம். அலுவலகக் கடிதம்போல் நீண்டதேயன்றி, மன்னிப்பு என்னும் சொல் எளிதில் வெளிவரவில்லை. ஒருவாறு சொல்லி முடித்தோம். அவர் சற்று நேரம் கடலைப் பார்த்தார். பின்னர், நம்மிடமே கற்றுக்கொண்ட அரைகுறைத் தமிழில், “தெரியும் அண்ணா. அன்னைக்கே நோட்டு பாத்தேன்” என்றார். குழந்தையை நம் கையில் கொடுத்துவிட்டு, மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். கப்பலேறும் படி வரையில் நாம் குழந்தையைச் சுமந்து சென்றோம்.