நெஞ்சறிந்த நிர்வாகம்: மதீனாவிலிருந்து நாகப்பட்டினம் வரை

அரபு மொழியில் 'ஹில்ம்' என்றொரு சொல் உண்டு. தமிழில் அதனைப் பெரும்பாலும் 'பொறுமை' என்றே பெயர்த்து விடுகிறோம். ஆயினும் அதே சொல்லுக்கு 'அறிவு' என்னும் பொருளும் உண்டு. அதன் பன்மையாகிய 'அஹ்லாம்' திருக்குர்ஆனின் 52ஆம் அத்தியாயத்தில் அப்பொருளிலேயே வந்துள்ளது. இஸ்லாத்துக்கு முந்திய அரபுக் கவிதையில் 'ஜஹ்ல்' என்பது அறியாமையை விட, ஆத்திரத்தில் தன்னை இழக்கும் மூர்க்கத்தையே பெரிதும் குறித்தது என்றும், அதற்கு எதிர்ச்சொல் ஹில்ம் என்றும் ஹங்கேரிய அறிஞர் இக்னாஸ் கோல்ட்ஸிஹர் விளக்கியுள்ளார். உணர்வை ஆள்வதும் அறிவுதான் என்பதைப் பண்டைய அரபியர் ஒரே சொல்லில் பொதிந்து வைத்திருந்தனர்.

1990ஆம் ஆண்டில் பீட்டர் ஸலோவே, ஜான் மேயர் என்னும் அமெரிக்க உளவியலாளர் இருவர் 'உணர்வுசார் நுண்ணறிவு' என்னும் கருத்தை வரையறுத்தனர். 1995இல் டேனியல் கோல்மன் எழுதிய நூல் அதனை உலகெங்கும் பரப்பியது. தன் உணர்வையும் பிறர் உணர்வையும் அறிந்து, அவ்வறிவால் சிந்தனையையும் செயலையும் நெறிப்படுத்துவதே அதன் சாரம். 2013 முதல் இந்தியக் குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் இது பாடமாகவும் இடம்பெற்றுள்ளது. எனினும் இது இன்முகம் காட்டும் கலை என்று கருதுவோர் பலர். வரலாறோ வேறொன்றைச் சொல்கிறது.

ஹிஜ்ரி 18இல் (கி.பி. 639) அரேபியாவைக் கொடும் பஞ்சம் தாக்கியது. நிலம் சாம்பல் நிறம் பூண்டதால் 'ஆமுர் ரமாதா', அதாவது சாம்பலாண்டு, எனப் பெயர் பெற்றது. மக்கள் வயிறார உண்ணும் வரை நெய்யையும் இறைச்சியையும் தொடுவதில்லை என கலீஃபா உமர் (ரலி) உறுதி பூண்டார்கள். எண்ணெயை மட்டுமே உண்டு அவர்களின் மேனி கறுத்தது என வரலாற்றாசிரியர்கள் அறிவிக்கின்றனர். இந்த நோன்பு மட்டும் எவர் பசியையும் ஆற்றியிராது. சிரியாவிலிருந்து அபூ உபைதா (ரலி) அவர்கள் வழியாகத் தானியம் தருவிக்கப்பட்டது. அவ்வாண்டு ஜகாத் வசூல் தள்ளி வைக்கப்பட்டது. பசிக்காகத் திருடியவர் மீது திருட்டுத் தண்டனை நிறுத்தப்பட்டது. பிறர் பசியைத் தம் உடலில் உணர்ந்தவர் அதனை ஆணையாகவும் ஏற்பாடாகவும் மாற்றினார் என்பதே இங்கு நோக்கத்தக்கது.

இதனினும் தெளிவான சான்றொன்றை இப்னு ஸஅத் பதிவு செய்துள்ளார். மதீனாவுக்கு வெளியே தங்கிய வணிகக் கூட்டத்துக்கு இரவில் காவல் இருந்த உமர் (ரலி), ஒரு குழந்தையின் ஓயாத அழுகையைக் கேட்டார்கள். காரணம் வினவியபோது, வந்தவர் யாரென அறியாத தாய், பால் மறந்த குழந்தைக்கே உமர் உதவித்தொகை தருவதால் உரிய பருவத்துக்கு முன்பே பால் மறக்கச் செய்வதாகக் கூறினாள். நன்னோக்கத்தோடு இயற்றிய விதியே ஒரு சிசுவை வருத்திக்கொண்டிருந்தது! அன்றைய வைகறைத் தொழுகையில் அவர்கள் ஓதியது விளங்காதவாறு அழுகை மேலிட்டது. ஆனால் அழுகையோடு நிற்கவில்லை. பிறந்த குழந்தைக்கெல்லாம் உதவித்தொகை உண்டு என்று விதியே மாற்றி எழுதப்பட்டது.

இத்தகைய சோதனை நம் காவிரிப் படுகைக்கும் வந்தது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் மாண்டனர். அப்போது தஞ்சை மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஜெ. ராதாகிருஷ்ணன். மாநிலமெங்கும் பள்ளிகளின் கீற்றுக் கூரைகளை அகற்ற ஆணை பிறந்தது அத்துயரத்தின் பின்னரே. அதே ஆண்டு டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டு சென்றது. அதனையடுத்து அவரே நாகைக்கு ஆட்சியராக அனுப்பப்பட்டார்.

நாகூரில் பல சடலங்கள் தர்காவுக்குரிய இடத்தில் சமய வேறுபாடின்றி அடக்கம் செய்யப்பட்டன. கொள்ளிடத்துக்கு வடக்கே பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் மீனவ மக்களுக்கு உணவளித்தனர். நூற்றுக்கணக்கான தொண்டு நிறுவனங்கள் நாகையில் வந்து குவிந்தன. ஆனால் வந்த உதவி அனைத்தும் நெஞ்சறிந்ததன்று. பழைய துணிகள் சாலையோரங்களில் மலை மலையாகக் கொட்டப்பட்டன. முந்தின நாள் வரை உழைத்து உண்ட மீனவக் குடும்பங்கள் அவற்றைத் தொடக் கூசின. கொடுப்போரின் இரக்கம் உண்மைதான். பெறுவோரின் மானம் எண்ணப்படவில்லை.

இக்குழப்பத்தை ஒழுங்குபடுத்த 2005 ஜனவரியில் ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே தொண்டு நிறுவன ஒருங்கிணைப்பு மையம் தொடங்கியது. பெற்றோரை இழந்த சிறாருக்கு அரசு காப்பகம் திறந்தது. ஆட்சியரும் அவர் துணைவியாரும் அங்கு அடிக்கடி சென்றனர்; அங்கு வளர்ந்த சிறுமியர் இருவரோடு அவர்கள் கொண்ட உறவு, பணி மாறிய பின்னும் அப்பெண்களின் திருமணம் வரை நீடித்தது. ஓர் அதிகாரி கோப்பில் கண்ட பெயரை மனிதராகக் கண்டார் என்பதற்கு இது சான்று.

ஆயினும் குறையையும் மறைத்தல் கூடாது. படகிழந்தவர் கணக்கில் எளிதாக வந்தார். உப்பேறிய வயலில் வேலையிழந்த நிலமற்ற விவசாயத் தொழிலாளி எளிதாக வரவில்லை. தலித் மக்களும் இருளர்களும் நிவாரணத்தில் பின்தள்ளப்பட்டதைக் கள ஆய்வுகள் பதிவு செய்தன. அதிகாரிகளுக்கு நெஞ்சில்லை என்பதன்று காரணம். கண்முன் அழுதவரின் துயர் எட்டிய வேகத்தில், கண்ணுக்கு எட்டாதவரின் துயர் எட்டவில்லை. இரக்கம் காட்சியைச் சார்ந்தது. நீதி அவ்வாறிருத்தல் ஆகாது. உமர் (ரலி) இரவில் நடந்ததன் பொருள் இதுவே. வாசலுக்கு வராதவரைத் தேடிச் சென்றார்கள்.

பொது நிர்வாகம் என்றதும் ஆட்சியர் அலுவலகத்தை மட்டும் எண்ணுகிறோம். நம் ஜமாஅத்துகளும் வக்ஃபுகளும் பைத்துல்மால்களும் கூடப் பொது நிர்வாகமே. ஊர் ஒன்றில் ரமலானில் விதவைகளை வரிசையில் நிறுத்தி, மேடையில் அழைத்துப் பொருள் வழங்கிப் படம் எடுத்ததை நேரில் கண்டேன். தலையை முக்காட்டால் மூடிக்கொண்டு ஒரு பெண்மணி வாங்காமலே திரும்பினார். வழங்கியோர் நல்லவர்களே, எனினும் அந்தச் சிசுவை அழவைத்த விதி அங்கேயும் நடைமுறையில் இருந்தது. அப்பெண்மணி திரும்பியதைக் கவனிக்க அங்கு எவரும் நியமிக்கப்பட்டிருக்கவில்லை.

அரசுப் பணிக்குச் செல்லும் மாணவர்க்கும் ஜமாஅத் பொறுப்பேற்போர்க்கும் என் வேண்டுகோள் ஒன்றே. பட்டியல் முடிந்ததும் கையொப்பமிடுமுன், இதில் யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்று கேளுங்கள். விடை கிடைத்தால், இரக்கப்படுவதோடு நில்லாமல் விதியைத் திருத்துங்கள். ஹில்ம் என்னும் சொல்லில் பொறுமையும் அறிவும் சேர்ந்திருப்பது அப்போதுதான் நம் அலுவலிலும் காணப்படும்.